ஷெட்டுக்கு வந்த வீடு

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் துறை)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தருகிறேன் என்று சங்கச் செயலாளரிடம் போனபோது, "கவிதை மட்டும் வேண்டாம்டா, ஏற்கெனவே ஒரு கட்டு வந்திருக்கு" என்று கும்பிட்டுவிட்டார். எனக்கும் கவிதை வராது. எனக்குத் தெரிந்தது வண்டி. அதனால் ஒரு வண்டியைப் பற்றியே எழுதுகிறேன்.

சாதாரண வண்டி இல்லை. அடுப்பு, கட்டில், அலமாரி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கிற வீட்டு வண்டி. மோட்டார் ஹோம் என்று சொல்வார்கள். அதுவும் நாற்பது வயசுப் பழசு. இந்த மாதிரிப் பழைய வண்டியைத் தேடிப் பிடித்து வாங்கி, தன் கையாலேயே பழுது பார்த்து வைத்துக்கொள்வதைப் பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் ஜெர்மனி, இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

"வேலை வெட்டி இல்லாத பணக்காரன் விளையாட்டுடா இது!" என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

புளியமரத்தடியில்...

2024 ஜனவரி, பொங்கல் லீவு. நான் முதலாம் ஆண்டு. எங்கள் அப்பாவுக்குத் திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகிற ரோட்டில், செஞ்சிக்கு இந்தப் பக்கம், ஒரு சின்ன ஷெட். நாலு தகரம், ஒரு புளியமரம், ஒரு டூல்ஸ் பெட்டி, அவ்வளவுதான். லாரியோ டிராக்டரோ வேனோ, எது நின்றாலும் பார்ப்பார். அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்று, பன்னிரண்டு வயதில் ஸ்பேனர் பிடித்தவர்.

காணும் பொங்கலன்று மத்தியானம், ஒரு க்ரீம் கலர் வேன் திக்கித் திணறி வந்து புளியமரத்தடியில் நின்றது. ஜெர்மனி நம்பர் பிளேட். இறங்கியவர்கள் ஒரு வயதான தம்பதி. அவருக்கு எழுபது வயது இருக்கும். கப்பலில் மும்பையில் வண்டியை இறக்கி, அங்கிருந்து ஊர் ஊராகப் பார்த்துக்கொண்டே வந்து, மாமல்லபுரம் முடித்துத் திருவண்ணாமலை போகிற வழியாம். பத்து கிலோமீட்டர் ஓடினால் இன்ஜின் நின்றுவிடுகிறது, கொஞ்ச நேரம் போராடினால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது என்றார். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் அப்பாவுக்குச் சொன்னேன்.

அப்பா பானட்டைத் தூக்கிப் பார்த்தார். பார்த்தவர் சிரித்துவிட்டார்.

"டேய், இது நம்ம டெம்போ ட்ராவலர் இன்ஜின்டா!"

நண்பர்களே, அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். வந்தது 1984 மாடல் மெர்சிடஸ் 207 டி. அந்த வேன் வரிசை 1977ல் ஜெர்மனியில் வெளிவந்தது. கல்யாணத்துக்கும் சபரிமலைக்கும் நாம் ஏறிப் போகிற ட்ராவலர் வேனை, அந்த மெர்சிடஸ் வேனுக்கு லைசென்ஸ் வாங்கித்தான் பஜாஜ் டெம்போ கம்பெனி 1987ல் இங்கே கொண்டுவந்தது. இன்ஜினும் ஓ.எம். 616 என்கிற அதே குடும்பம்தான். நாலு சிலிண்டர், 2.4 லிட்டர் டீசல். 2005ல் கம்பெனியின் பேர் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று மாறிவிட்டது. ஆனால் எங்க ஆயா இன்னும் "டெம்போ வந்துச்சா?" என்றுதான் கேட்கும். டெம்போ என்பதே ஹாம்பர்க் நகரத்தில் இருந்த ஒரு ஜெர்மன் கம்பெனியின் பேர் என்று அதற்குச் சொன்னால் நம்பாது.

அப்பாவுக்கு இந்தச் சரித்திரம் எதுவும் தெரியாது. கை மட்டும் அடையாளம் கண்டுபிடித்துவிட்டது.

கோளாறு பெரிசில்லை. டேங்கிலிருந்து ஃபீட் பம்புக்கு வருகிற ரப்பர் ஹோஸில், கிளிப்புக்குப் பக்கத்தில் மெல்லிய வெடிப்பு. அங்கே டீசல் சொட்டவில்லை. ஆனால் பம்ப் இழுக்கும்போது டீசலோடு காற்றையும் சேர்த்து இழுக்கிறது. காற்று சேர்ந்தால் ஏர் லாக், இன்ஜின் நின்றுவிடும். நம் பாடப் புத்தகத்தில் இதைப் பற்றி ஓரிரு வரிகள் இருக்கிறது. நான் அதை மனப்பாடம் செய்து பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். அப்பா கண்டுபிடிக்கிற வரைக்கும் எனக்கு அது ஞாபகமே வரவில்லை!

இதில் நான் பார்த்த ஆச்சரியம் வேறு. அந்த ஜெர்மன்காரர் சேரில் உட்காரவில்லை. பழைய ஓவரால் ஒன்றை மாட்டிக்கொண்டு, ஒரு அட்டையைப் போட்டு, அப்பாவோடு வண்டிக்கு அடியில் புகுந்துவிட்டார். ரெண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. அவர் விரலால் காட்டுவார், அப்பா "ஆங்... ஆங்..." என்பார். அப்பா கை நீட்டினால் அவர் சரியான ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பார். ஹெல்பர் பையன்கூட அவ்வளவு கரெக்டாகக் கொடுக்க மாட்டான். முழங்கை வரைக்கும் கறுப்பு. முகத்தில் சந்தோஷம்.

உள்ளே ஒரு பாலிடெக்னிக்!

புது ஹோஸ், ரெண்டு கிளிப் போட்டு, ஹேண்ட் பிரைமரை அடித்துக் காற்றை வெளியேற்றியதும் வண்டி ஒரே செல்ஃபில் பிடித்துக்கொண்டது. அந்தம்மா எங்களைக் காபிக்கு உள்ளே கூப்பிட்டார். அப்பா செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு ஏறினார். இத்தனை வருஷத்தில் ஒரு வண்டிக்குள் ஏற அப்பா செருப்பைக் கழற்றி நான் பார்த்ததில்லை. கேட்டதற்கு, "ஊடு இல்லியாடா?" என்றார்.

உள்ளே போனதும் எனக்கு நம் காலேஜ் ஞாபகம்தான் வந்தது. இன்ஜினும் கியர் பாக்ஸும் நம்ம துறை. பேட்டரி ரெண்டு: ஒன்று ஸ்டார்ட் பண்ண, இன்னொன்று விளக்குக்கும் ஃபேனுக்கும். இன்ஜின் ஓடும்போது மட்டும் ஒரு ரிலே ரெண்டையும் சேர்த்து சார்ஜ் ஏற்றும். நின்றதும் பிரித்துவிடும். ராத்திரி முழுக்க விளக்கு எரிந்தாலும் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகும். இது எலெக்ட்ரிகல்காரர்கள் வேலை. கூரையில் சோலார் பேனல், அதற்கு ஒரு கன்ட்ரோலர், அது எலெக்ட்ரானிக்ஸ். நல்ல தண்ணீர்த் தொட்டி, கழிவு நீர்த் தொட்டி, குழாய், சின்ன பம்ப், இது சிவில்காரர்களுக்கு. அலமாரியும் கட்டிலும் முதலாமாண்டு ஒர்க்‌ஷாப்பில் நாம் அறுத்துக் கெடுத்த அதே மரவேலை!

எல்லாத் துறையும் ஒரே கூரைக்குக் கீழே, எதைத் தப்பாகச் செய்தாலும் அன்று ராத்திரியே தூக்கம் கெடும். இதைவிட நல்ல லேப் எங்கே கிடைக்கும்?

அவர்கள் ஊரில் இதற்கு ஒரு பரம்பரையே இருக்கிறது. ஃபோக்ஸ்வாகன் 1950ல் வேன் செய்ய ஆரம்பித்தது. மறு வருஷமே வெஸ்ட்ஃபாலியா என்கிற கம்பெனி அதற்குள் கழற்றி மாட்டுகிற கட்டில், அலமாரி செய்து கொடுத்தது. வாரத்தில் ஆறு நாள் சரக்கு ஏற்றுகிற வண்டி, லீவு நாளில் வீடு! அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1973 முதல் 1978 வரை ஜி.எம்.சி. மோட்டார் ஹோம் என்று ஒன்றைச் செய்தது. அதற்கு முன் சக்கர டிரைவ். பின்பக்கம் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டே கிடையாது, அதனால் உள்தளம் தாழ்வாக இருக்கும். கம்பெனி நிறுத்திக் கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் ஆகப்போகிறது. வைத்திருப்பவர்கள் சங்கம் வைத்து, ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்து, கிடைக்காத பாகத்தைப் புதிதாகச் செய்து இன்னும் ஓட்டுகிறார்கள்.

நம்பர் பிளேட்டின் கடைசியில் 'எச்' என்று ஒரு எழுத்து இருந்தது. என்னவென்று கேட்டேன். ஜெர்மனியில் முப்பது வயசு ஆன வண்டி, பழைய அமைப்பு மாறாமல் நல்ல நிலையில் இருக்கிறது என்று பரிசோதித்துச் சான்று கொடுத்தால் அந்த எழுத்து கிடைக்குமாம். 1997ல் வந்த முறை. வரி வருஷத்துக்கு ஒரே தொகை, சுமார் 192 யூரோ. பெரிய நகரங்களில் புகை வண்டிகளைத் தடுக்கிற மண்டலங்களுக்குள்ளும் இந்த வண்டிகள் போகலாம். நம் நாட்டிலும் 2021ல் பழம்பெரும் வண்டிகளுக்கு விதி வந்திருக்கிறது. ஆனால் இங்கே ஐம்பது வயசு ஆகியிருக்க வேண்டும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்கு ஓட்டலாம், தினசரி ஓட்டக்கூடாது.

வாங்குகிறவன் எதைப் பார்க்கணும்?

காபி குடித்துக்கொண்டே இதைக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன், நம் ஊரில் பழைய வேன் வாங்குகிறவர்களுக்கும் உதவும்.

"முதலில் இன்ஜினைப் பார்க்காதே, ஈரத்தைப் பார்" என்றார். கூரை ஜன்னலைச் சுற்றியும் சுவர் மூலைகளிலும் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். ப்ளைவுட் அமுங்கினால் உள்ளே ஊறிப்போய்விட்டது என்று அர்த்தம். இன்ஜினைப் பிரித்துச் சேர்க்கலாம், உளுத்த வீட்டை என்ன செய்வது?

அடுத்தது துரு. அவர்கள் ஊரில் பனிக்காலத்தில் ரோட்டில் உப்பு தூவுவார்கள். அது வண்டியின் அடிப்பக்கத்தைத் தின்றுவிடும். படிக்கட்டு, சக்கர வளைவு எல்லாம் குனிந்து பார்க்க வேண்டும். புது பெயிண்ட் அடித்திருந்தால் இன்னும் சந்தேகப்பட வேண்டும்.

டயரில் பட்டன் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறக்கூடாது. வீட்டு வண்டி ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். பட்டன் தேய்வதற்கு முன்பே ரப்பர் கிழடாகிவிடும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ம் வருஷம் 23வது வாரம் செய்தது. நான் அன்றைக்கு ராத்திரி அப்பாவின் டி.வி.எஸ். எக்ஸ்.எல். டயரைப் பார்த்தேன். அதைப் பற்றி இங்கே எழுதாமல் இருப்பது நல்லது!

காஸ் லைன் கசிகிறதா என்று முறையாகச் சோதிக்காமல் ஒரு நாள்கூட உள்ளே தூங்கக்கூடாது. எடையையும் பார்க்க வேண்டும். நூறு லிட்டர் தண்ணீர் என்றால் நூறு கிலோ. அவர்கள் ஊரில் சாதாரண லைசென்ஸுக்கு மூன்றரை டன்தான் எல்லை. கடைசியாக ஒன்று சொன்னார்: "வாங்கும் விலை எவ்வளவோ, அவ்வளவு இன்னொரு பங்கு ரிப்பேருக்குக் கையில் வைத்துக்கொள். அது இல்லாவிட்டால் வாங்காதே."

குறைகளையும் அவர் மறைக்கவில்லை. 72 குதிரைத் திறன்தான், மலை ஏறினால் சைக்கிள்காரன் ஓவர்டேக் பண்ணுவான் என்று சிரித்தார். புகை இந்தக் கால வண்டியைவிட அதிகம்தான் என்று ஒத்துக்கொண்டார். பாகம் வர வாரக்கணக்கில் காத்திருந்திருக்கிறார். முதல் ரெண்டு வருஷம் வண்டி ஓடியதைவிட, அதற்கு அடியில் அவர் படுத்திருந்ததுதான் அதிகமாம்!

அந்த நோட்டு

கிளம்பும்போது ஒரு தடித்த நோட்டை எடுத்தார். வண்டி வாங்கிய நாளிலிருந்து செய்த ஒவ்வொரு வேலையும் அதில் இருந்தது. தேதி, கிலோமீட்டர், என்ன கோளாறு, என்ன மாற்றியது, யார் செய்தது. துருக்கியில் ஒரு வெல்டர், கிரீஸில் ஒரு டயர் கடைக்காரர், எல்லோர் பேரும் இருந்தது. அன்றைய தேதியைப் போட்டு, ஹோஸ், கிளிப், 350 ரூபாய் என்று எழுதிவிட்டு, அப்பாவிடம் நோட்டை நீட்டி, பேர் எழுதச் சொன்னார்.

அப்பா கையை லுங்கியில் துடைத்தார். மறுபடி துடைத்தார். அப்புறம் தமிழில், ஒவ்வொரு எழுத்தாக, தன் பேரை எழுதினார். அவர் செய்த வேலைக்குக் கீழே அவர் பேர் எழுதப்பட்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

இப்போது நான் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். இந்தக் காலேஜில் சேரும்போது அப்ளிகேஷனில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் நான் 'பிசினஸ்' என்று எழுதியிருந்தேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். மெக்கானிக் என்று எழுதக் கை வரவில்லை. அப்பாவே, "ஷெட்டுப் பக்கம் வராதடா, படிச்சு ஃபேனுக்குக் கீழ உட்கார்ற வேலைக்குப் போ" என்றுதான் சொல்லி வளர்த்தார். கறுப்பான கை கேவலம் என்று நான் நினைத்ததற்கு அவரும் ஒரு காரணம்.

அன்று ராத்திரி அப்பாவிடம் கேட்டேன். "அவருக்கு எவ்ளோ சந்தோஷம் பார்த்தியாப்பா? நீ செய்யற அதே வேலையைத்தானே அவரும் செய்யறாரு?"

அப்பா சொன்ன பதிலை நான் மறக்க முடியாது. "அவருக்கு பென்ஷன் வருதுடா. வண்டி நின்னா அவருக்கு ஒரு நாள் லேட்டு. எனக்கு வண்டி வரலன்னா அன்னிக்கு அடுப்பு எரியாது. அவரு ஆசைக்குப் படுக்கறாரு, நான் வயித்துக்குப் படுக்கறேன்."

இதை நான் மறுக்க மாட்டேன். மறுக்கவும் முடியாது. பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொள்ள முதலில் பொழுது வேண்டும், காசு வேண்டும். பழைய வீட்டு வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஞானிகள் என்றும் நான் சொல்லவில்லை. வாங்கி வாசலில் நிறுத்திப் போட்டோ எடுத்துவிட்டு, துருப்பிடிக்க விட்டு, அடுத்தவன் தலையில் கட்டுகிறவர்களும் அங்கே உண்டாம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அடியில் படுத்த ரெண்டு பேரில் ஒருவர் செய்தது ரசனை, இன்னொருவர் செய்தது கிரீஸ் வேலை என்று நாம் ஏன் பிரிக்கிறோம்? ஹோஸுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. வெடிப்பைக் கண்டுபிடித்த அறிவு ஒரே அறிவுதான். அந்த ஜெர்மன்காரருக்கு இது தெரிந்திருந்தது, அதனால்தான் நோட்டை நீட்டினார். தெரியாமல் இருந்தது எனக்குத்தான்.

வைத்திருப்பது என்றால் காசு கொடுத்து வாங்கியதோடு முடிகிற விஷயமில்லை என்பது என் கருத்து. எங்கே ஒழுகுகிறது, எது தேய்கிறது, எந்தச் சத்தம் புதுசு என்று தெரிந்தவன்தான் சொந்தக்காரன். நாம் என்ன செய்கிறோம்? செல்போன் நின்றால் புதுசு, மிக்ஸி நின்றால் புதுசு. டிப்ளமோ படிக்கிற நாமே ஸ்க்ரூவைத் திறந்து பார்ப்பதில்லை. நாளை நம்மில் பலர் போகப்போகிற கம்பெனிகளிலும் யூனிட்டையே கழற்றி மாற்றுகிற வேலைதான் அதிகம் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். பிரித்துப் பார்க்கிற பழக்கத்தை இந்த மூன்று வருஷத்தில் பழகாவிட்டால் பிறகு எப்போது?

நம்மால் மோட்டார் ஹோம் வாங்க முடியாது, எனக்கும் தெரியும். பஸ் பாஸுக்கே நாயாக அலைகிறோம். அதனால் சங்கத்துக்கு ஒரு யோசனை. பழைய இரும்புக் கடைக்குப் போகிற ஒரு வேனை, பழைய மெட்டடாரோ ட்ராவலரோ, நம் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவருவோம். ரோட்டில் ஓட்ட வேண்டாம். பாடியை மாற்றி ஓட்ட ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், அந்த வம்பே வேண்டாம். காலேஜுக்குள் நிற்கட்டும். ஒவ்வொரு வருஷ மாணவர்களும் ஒரு பகுதியைச் செய்யட்டும். இன்ஜினை நாங்கள் எழுப்புகிறோம், வயரிங், குழாய், மரவேலையை மற்றத் துறைகள் பார்க்கட்டும். பக்கத்தில் ஒரு தடித்த நோட்டு. செய்தவன் பேரை அவனே எழுதட்டும். வெளியிலிருந்து ஒரு மெக்கானிக்கோ வெல்டரோ ஆசாரியோ வந்து சொல்லிக் கொடுத்தால் அவர் பேரும் அதில் வரட்டும். முதல் ஆளாக வர எங்க அப்பாவை நான் சம்மதிக்க வைக்கிறேன். கொஞ்சம் கோபக்காரர், தப்பான ஸ்பேனரைக் கொடுத்தால் திட்டுவார். பொறுத்துக்கொள்ள வேண்டும்!

போன மாசம் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு ஃபாரம் கொடுத்தார்கள். மறுபடி அதே கேள்வி, 'தந்தையின் தொழில்'. இந்தத் தடவை 'டீசல் மெக்கானிக்' என்று எழுதினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன் எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க அப்பாவும் மெக்கானிக்தான்டா, கம்ப்ரஸர்" என்றான். மூன்று வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். அன்றைக்குத்தான் ரெண்டு பேருக்கும் தெரிந்தது.

சிந்திப்போம் நண்பர்களே!